பைக்கு ஏற்றதா, கைக்கு ஏற்றதா?

தமிழ்ப் பேச்சில் 'மவுசு' என்று ஒரு சொல் உண்டு. ஒரு பொருளை நாலு பேர் தேடி அலைய ஆரம்பித்தால், அதற்கு மவுசு வந்துவிட்டது என்பார்கள். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த 'மவுஸ்' என்ற சிறு கருவிக்கும் இப்போது அப்படியொரு மவுசு ஏற்பட்டிருக்கிறது. அதிலும், கம்பியில்லாமல் வேலை செய்வதாகவும், கைப்பையில் போட்டுக்கொண்டு போகத் தக்கதாகவும் உள்ள சிறிய மவுஸைக் கேட்டு வாங்குகிறவர்கள் பலர்.

காரணம் எல்லோரும் அறிந்ததே. 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவை முன்னிட்டு ஊரடங்கு வந்தபோது, காரியாலயங்கள் சில நாட்களுக்குள் வீட்டுக் கூடங்களுக்குக் குடிபெயர்ந்தன. நோயின் வேகம் தணிந்த பிறகு பல நிறுவனங்கள் நடுவழி ஒன்றைக் கண்டன. வாரத்தில் சில நாள் காரியாலயம், சில நாள் வீடு. இதை 'ஹைபிரிட்' முறை என்கிறார்கள். வயலில் வீரிய ஒட்டு விதைக்கு வழங்கும் அதே பெயர். ஒட்டினால் விதைக்கு வீரியம் கூடுகிறது. உத்தியோகஸ்தருக்குக் கூடுவதோ பெரும்பாலும் பையின் கனந்தான். லாப்டாப், அதன் சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் இவற்றோடு மவுஸும் இப்போது தினசரிப் பிரயாணம் செய்கிறது.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சித் தெருவிலானாலும் சரி, வேறு ஊர்க் கடைத்தெருவிலானாலும் சரி, மவுஸ் வாங்க வருகிறவர் பொதுவாக இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார். விலை, சட்டைப் பைக்கு ஏற்றதா? அளவு, தோள் பைக்கு ஏற்றதா? இரண்டும் பையைப் பற்றிய கேள்விகளே. கைக்கு ஏற்றதா என்ற கேள்வி கடைசியில் வருகிறது. பல சமயங்களில் வருவதே இல்லை. மவுஸ் பைக்குள் இருப்பது போக வர ஒன்றிரண்டு மணி நேரம். கைக்குள் இருப்பது வேலை நேரம் முழுவதும். இந்தச் சாதாரணக் கணக்கை வைத்துப் பார்த்தாலே, எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும் என்பது விளங்கும்.

மரக்கட்டையில் பிறந்தது

மவுஸ் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் யோசனை அது. அவருடைய சகா பில் இங்கிலீஷ் 1964-ஆம் ஆண்டில் முதல் மவுஸைச் செய்து கொடுத்தார். மரக்கட்டைக் கூடு, அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். வால் போல் கம்பி நீண்டிருந்ததால் எலி என்ற பெயர் வந்தது.

அந்த ஆராய்ச்சிக் குழு ஒரு காரியம் செய்தது. மவுஸை உயர்த்திப் பேசுவதோடு நிற்கவில்லை. திரையில் தொட்டுக் காட்டும் ஒளிப் பேனா, நெம்புகோல் போன்ற கருவி, முழங்காலால் இயக்கும் கருவி ஆகியவற்றோடு மவுஸையும் ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தது. எதனால் விரைவாகவும் பிழையின்றியும் குறிப்பிட்ட இடத்தைக் காட்ட முடிகிறது என்று நேரம் குறித்துப் பார்த்தார்கள். பழகிய கைகளுக்கு மவுஸே சிறந்ததென்று தெரிந்தது. 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோ நகரில் அது பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. 1970-இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆக, ஆரம்பத்திலேயே கையிடம் கேட்டுத்தான் கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று கடையில் நிற்பவர் அந்தச் சோதனையின் சிறு பகுதியையாவது செய்து பார்க்காமல் பணத்தை நீட்டுவது சரியாகாது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்

மவுஸைத் தள்ளுவதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. பொத்தானை அமுக்குவதும் அப்படியே. ஆனால் அந்தச் சிறிய அசைவையே ஒருவர் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் செய்துவிடக் கூடும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால், எலி ஊர்ந்து மணிக்கட்டு நோவதில் வியப்பில்லை.

கைக்குள் அடங்காத அளவுக்குச் சிறியதும் தட்டையானதுமான மவுஸ், பார்வைக்கு அழகாயிருக்கும். உள்ளங்கைக்கு அதன்மேல் இடமிராது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இரு பக்கமும் கிள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவிரல்கள் கொக்கி போல் வளைந்து நிற்கும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்து மேஜை விளிம்பில் அழுந்தும். பத்து நிமிஷ வேலைக்கு இது பாதகமில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் குமாஸ்தாவுக்கும், நாள் முழுவதும் படம் வரையும் வரைவாளருக்கும் இது பொருந்தாது.

எல்லாக் கைவலிக்கும் மவுஸே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. நாற்காலியின் உயரம், மேஜையின் உயரம், ஓய்வில்லாத வேலை ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. நீரிழிவு, தைராய்டு போன்ற கோளாறுகளும் கை மரத்துப்போகக் காரணமாகலாம். விரல்கள் இரவில் மரத்துப் போனாலோ, பிடித்த பாத்திரம் நழுவினாலோ புதிய மவுஸைத் தேடிப் புறப்படாமல் வைத்தியரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கடையில் செய்யக்கூடிய சோதனை மிகவும் எளிது. மவுஸை மேஜைமேல் வைத்து, கையைத் தளர்வாக அதன்மேல் படியவிட வேண்டும். மணிக்கட்டு ஏறக்குறைய நேராக இருக்கிறதா? மோதிரவிரலும் சுண்டுவிரலும் மேஜையில் உரசாமல் ஓரத்தில் தங்குகின்றனவா? விரலைத் தூக்காமலே பொத்தான் அமுங்குகிறதா? இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்று கை சொன்னால் போதும். சிறிய கை உள்ளவர்களுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள பிரயாண மவுஸே கச்சிதமாக அமையலாம். பெரிய கைக்காரர்களுக்கு அதே மவுஸ் கிள்ளிப் பிடிக்கும் விளையாட்டுச் சாமானாகிவிடும். அண்ணன் வாங்கியதையே தம்பியும் வாங்குவது இந்த விஷயத்தில் உதவாது.

இடது கைப் பழக்கமுள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வலது உள்ளங்கைக்கென்றே ஒரு பக்கம் குழித்துச் செய்யப்பட்ட மவுஸ் அவர்களுக்கு ஆகாது. இரு பக்கமும் ஒரே வளைவுள்ளதை வாங்கி, கம்ப்யூட்டரின் அமைப்புகளில் பொத்தான்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். இடக்கைக்கென்றே தயாராகும் சில வகைகளும் கிடைக்கின்றன.

ஒன்றா, இரண்டா?

பைக்கும் கைக்கும் உள்ள இந்த வழக்கைத் தீர்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. வீட்டு மேஜையில் கைநிறையப் பிடிக்கத்தக்க முழு அளவு மவுஸ் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். பையில் சிறியது ஒன்று இருக்கட்டும். விலையுயர்ந்த ஒரே மவுஸை வாங்கி அங்குமிங்கும் சுமப்பதைவிட, நடுத்தர விலையில் இரண்டு வாங்குவது பல குடும்பங்களுக்குச் சிக்கனமாகவே முடியும். மறந்து வைத்துவிட்டு வந்த நாளில் வேலையும் நிற்காது.

வீட்டில் இருப்பது தினமும் இடம் மாறாததால், அது கம்பியுள்ளதாக இருந்தாலும் குறைவில்லை. கம்பி மவுஸுக்கு பாட்டரிச் செலவு கிடையாது, விலையும் குறைவு. எல்லாம் கம்பியில்லாததாகவே இருக்க வேண்டும் என்பது வெறும் நாகரிகமேயொழிய அவசியமன்று.

ஒரே மவுஸ்தான் வாங்க முடியும் என்கிற நிலையில் உள்ளவர், எங்கே அதிக நேரம் வேலை செய்கிறார் என்பதைப் பார்த்து அந்த இடத்துக்கு ஏற்றதை வாங்குவது நலம். வாரத்தில் ஐந்து நாளும் ஆறு ஏழு மணி நேரம் மவுஸ் பிடிக்கிறவர், பை கொஞ்சம் புடைத்தாலும் சரி என்று கைக்கு இசைந்ததையே எடுக்க வேண்டும்.

கம்பிக்குப் பதில் என்ன?

ஒரு காலத்தில் கம்பியில்லாத் தந்தி என்றால் கப்பலுக்கும் கரைக்கும் இடையே செய்தி செல்லும் அதிசயம். இன்று அதே வானொலி அலைகள் மேஜையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கைவிரலின் கட்டளையைச் சுமக்கின்றன. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்ப்யூட்டரின் துவாரத்தில் செருகும் விரல்நுனி அளவான 'ரிசீவர்' கொண்டது. மற்றொன்று, லாப்டாப்புக்குள்ளேயே இருக்கும் புளூடூத்தைப் பயன்படுத்துவது. இரண்டும் வைஃபை வேலை செய்யும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன.

ரிசீவர் வகையைச் செருகியவுடன் வேலை செய்யும். பழைய கம்ப்யூட்டருக்கும் ஒத்துவரும். ஆனால் அந்தச் சிறு துண்டு தொலைந்தால் பல மலிவு ரகங்கள் அதோடு பயனற்றுப் போகும். ஆகையால் ரிசீவரைப் பத்திரப்படுத்த மவுஸின் வயிற்றுக்குள்ளேயே இடமிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். புதிய மெல்லிய லாப்டாப்புகள் சிலவற்றில் பழைய அகன்ற யூ.எஸ்.பி. துவாரமே கிடையாது என்பதையும் மறக்கலாகாது.

புளூடூத் வகைக்குத் தொலைய ஒன்றுமில்லை. துவாரமும் அடைபடாது. ஆனால் முதல் முறை இணைப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். சில காரியாலயங்களில் பாதுகாப்பை முன்னிட்டு புளூடூத்தை மூடிவைத்திருப்பார்கள். வேறு சில இடங்களில் யூ.எஸ்.பி. துவாரத்தில் அந்நியப் பொருளைச் செருக அனுமதியிராது. கடைக்குப் போவதற்கு முன் காரியாலயத் தொழில்நுட்பப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் வீண் செலவு மிஞ்சும். காரியாலய லாப்டாப்புக்கும் சொந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரே மவுஸைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, ஒரு பொத்தானை அமுக்கி இரண்டு மூன்று யந்திரங்களுக்கு மாறிக்கொள்ளும் ரகம் சௌகரியமானது.

பாதுகாப்பு என்பது வெறும் பயமுறுத்தலன்று. 2016-ஆம் ஆண்டில் பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், ரிசீவர் வகையைச் சேர்ந்த பல மவுஸ்களில் இருந்த ஓட்டையை வெளிப்படுத்தினார்கள். சுமார் நூறு மீட்டர் தூரத்திலிருந்தே ஒருவன் மற்றவருடைய கம்ப்யூட்டருக்குள் தட்டச்சுக் கட்டளைகளைப் புகுத்த முடியும் என்று காட்டினார்கள். அதன்பின் சில தயாரிப்பாளர்கள் திருத்தம் வெளியிட்டார்கள். பாங்கு, மருத்துவமனை, தணிக்கை அலுவலகம் போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்கள் ஊர்பேர் தெரியாத ரிசீவரைச் செருகாமல் இருப்பதே நல்லது. பெட்டியில், அனுப்பும் குறிகள் மறையாக்கம் செய்யப்படுகின்றன என்ற உறுதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அம்பு திரையில் தத்தித் தத்தி நகர்ந்தால் உடனே மவுஸைக் குறைகூற வேண்டாம். யூ.எஸ்.பி. 3 வகைத் துவாரங்களும் அவற்றில் செருகிய டிஸ்க்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு இடையூறு செய்யக்கூடும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை வேறு துவாரத்துக்கு மாற்றினாலோ, ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியில் செருகி மவுஸுக்கு அருகே வைத்தாலோ குறை தீர்ந்துவிடுவதுண்டு.

பாட்டரியும் மேஜையும்

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பாட்டரியே பல மவுஸ்களுக்கும் போதும். ஒரு பாட்டரி பல மாதங்கள் உழைக்கும். ஊர் நடுவழியில் தீர்ந்தாலும் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். ஆனால் அது சுமார் 23 கிராம் எடையைக் கூட்டும். நெடுநாள் உபயோகிக்காமல் வைத்தால் கசிந்து உள்ளே அரித்துவிடும். சார்ஜ் செய்யும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. சார்ஜ் செய்யும் துவாரம் முன்பக்கம் இருந்தால் சார்ஜ் ஏறும்போதே வேலையும் செய்யலாம். 2015-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மவுஸில் அந்தத் துவாரம் அடிப்பக்கத்தில் இருந்தது. 2024-இல் துவாரத்தின் வகையை மாற்றியபோதும் இடத்தை மாற்றவில்லை. சார்ஜ் ஏறும் வரை அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பெரிய பெயரை மட்டும் நம்பாமல் பொருளைத் திருப்பிப் பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

எந்த வகையானாலும், பைக்குள் போகும் மவுஸில் அணைத்து வைக்கும் சுவிட்சு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பைக்குள் அசையும்போதெல்லாம் விழித்துக்கொண்டு பாட்டரியைத் தின்னும்.

ஒளியால் இயங்கும் மவுஸ், மேஜைப் பரப்பைப் படம் பிடித்துத்தான் தன் நகர்வை அறிகிறது. பளபளக்கும் கண்ணாடி மேஜையில் படம் பிடிக்க ஒன்றுமில்லாததால் சாதாரண ரகங்கள் திகைத்து நின்றுவிடும். ஒரு தடித்த காகிதத்தையோ, பழைய நோட்டுப் புத்தக அட்டையையோ அடியில் வைத்தால் போதும். பெட்டியின்மேல் 'டி.பி.ஐ.' என்று பெரிய எண்களை அச்சடித்து மயக்குவார்கள். அது அம்பின் நுண்ணிய நகர்வைக் குறிக்கும் அளவு. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் 1,000 முதல் 1,600 வரை தாராளமாகப் போதும். அதற்குமேல் உள்ள எண்ணுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் காரியாலய வேலைக்காரருக்கு லாபமில்லை.

'டிக் டிக்' என்று ஒலிக்காத பொத்தான் ஆடம்பரம் போலத் தோன்றலாம். தொட்டிலில் குழந்தை தூங்கும் அறையிலேயே இரவு வேலை பார்க்கும் தாய்க்கு அது ஆடம்பரமாகாது. ஒரே மேஜையைச் சுற்றி நாலு பேர் வேலை செய்யும் அலுவலகத்திலும் அது ஒரு நாகரிகம்.

வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தைப் படிப்பதும் முக்கியம். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, பொட்டலப் பொருளின்மீது அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, குறைகளைச் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். அவை இல்லாத பெட்டிக்கு உத்தரவாதம் கேட்டு யாரிடம் போவது? ரசீது வாங்கி வைத்திருந்தால், கடைக்காரர் கைவிரித்தபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடவும் வழியுண்டு.

யார் வாங்கித் தருவது?

இதுவரை சொன்னதெல்லாம் வாங்குகிறவரின் கவனத்துக்கு. வேலை கொடுப்பவரின் கவனத்துக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. தச்சருடைய உளியை அவரே கூர் தீட்டி வைத்துக்கொள்வது பழைய வழக்கம். ஆனால் மாதச் சம்பளத்துக்கு ஆளை வைத்து, வேலைக்கு லாப்டாப்பையும் கொடுக்கிற நிறுவனம், அதை வலியின்றி இயக்குவதற்கு வேண்டிய மவுஸைச் சிப்பந்தியின் சொந்தச் செலவில் விடுவது நியாயமாகாது. லாப்டாப்பின் விலைக்கு முன்னால் மவுஸின் விலை எம்மாத்திரம்?

பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டில் வந்த விதிகள் இதற்கு ஒரு வழி காட்டுகின்றன. திரை முன்னால் தினமும் தொடர்ந்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவரின் மேஜை, நாற்காலி, கருவிகள் முதலியவற்றை ஆராய்ந்து, உடலுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் கடமையை அவை முதலாளியிடம் ஒப்படைக்கின்றன. அவர் காரியாலயத்தில் இருந்தாலும், வீட்டில் இருந்தாலும், இடம் மாறி மாறி உட்கார்ந்தாலும் அந்தக் கடமை மாறுவதில்லை. இங்கேயுள்ள நிறுவனங்கள் சட்டம் வந்து கதவைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று அளவுகளில் மவுஸ்களை வரவழைத்து, இடக்கைக்காரர்களையும் நினைவில் கொண்டு, ஒவ்வொருவரும் பிடித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளச் செய்தால் போதும். அதுவும் இயலாவிட்டால் ரசீதைக் காட்டியதும் பணம் கொடுக்கலாம். ஒரு சிப்பந்தி கைவலியால் எடுக்கும் சில நாள் விடுப்பின் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவாகாது.

சிப்பந்திகளும் கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. நாற்காலி ஆடினால் சொல்லுகிறோமா இல்லையா என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். மவுஸ் கிடைத்த பிறகும் சில பழக்கங்கள் அவர்கள் பொறுப்பு. முழங்கை உடலை ஒட்டியிருக்க வேண்டும். மவுஸ் தட்டச்சுப் பலகைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அரை மணிக்கொரு முறை கையை எடுத்து விரல்களை நீட்டி மடக்க வேண்டும். எவ்வளவு நல்ல மவுஸும் ஓய்வுக்கு மாற்றாகாது.

காரியாலயம் இடம் மாறலாம், வீடே காரியாலயமாகலாம். கம்பி போய்விட்டது, நாளை மவுஸே போய் வேறொன்று வரலாம். கை மட்டும் ஆயுள் முழுவதும் ஒன்றுதான். அதே கைதான் மாலையில் குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்ட வேண்டும். முதுமையில் ஊன்றுகோலையும் பிடிக்க வேண்டும். பையில் அடங்குகிறதா என்று பார்க்கும் முன், கையில் அடங்குகிறதா என்று பார்த்து வாங்குவோர் பின்னால் வருந்த நேராது.